கழுகுக் காசும் கழற்றாத கொடியும்

போன மாதம் ஒக்லண்டின் பாபடோயிட்டோய் பகுதியில் ஒரு கலியாண வீட்டில், தங்கம் வாங்கி விற்கும் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். நான் ஒருகாலத்தில் நாணயக் கடையில் வேலை செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கள் கடையில் இப்போது ஒரு மெஷின் இருப்பதாகவும், காசை அதற்குக் கீழே வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் எத்தனை வீதம் தங்கம் என்று சொல்லிவிடும் என்றும் சொன்னார். பழைய நாணயங்களோ பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு, தரத்துக்கு ஒரு இலக்கமும் ஒட்டி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகின்றனவாம்.

"அப்ப அந்தக் காலத்தில நீங்கள் என்னதான் செய்தனீங்கள் அங்கிள்?" என்று கேட்டார்.

கேள்வியில் நக்கல் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பாயாசம் வந்ததால் அன்றைக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் வங்கியொன்றின் அடகுப் பகுதியில் இருந்தவன். காப்பு, சங்கிலி, அட்டியல், பவுண் காசு என்று என் கையால் போகாத பொருள் இல்லை. உரைகல்லில் ஒரு இழுவை இழுத்து ஒரு துளி அமிலம் விட்டால் பொருளின் சாதகமே தெரிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் ஒக்லண்டுக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். இங்குள்ள வங்கிகள் என் அனுபவத்தை மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகவே வழியனுப்பி வைத்தன. கொஞ்சக் காலம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். முதுகு போதும் என்றது. அப்போதுதான் என் மனைவி திரேசா, நகரத்து ஆர்கேட் கடைத்தொகுதி ஒன்றுக்குள் இருந்த நாணயக் கடையின் கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"பழைய காசு விக்கிற கடையாம். உங்களுக்குத் தெரியாத காசோ? போய்க் கேட்டுப் பாருங்கோ."

கடைக்காரரின் பெயர் டொனல்ட். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, கழுத்துப்பட்டி இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. நான் "சேர்" என்றேன். இந்த நாட்டில் அப்படிக் கூப்பிடத் தேவையில்லை, டொனல்ட் என்று சொல் என்றார். வாய் வரவில்லை. கடைசியில் "மிஸ்டர் டொனல்ட்" என்பதில் இரண்டு பேரும் சமாதானமானோம். அந்தோனிப்பிள்ளை என்ற என் பெயரை அவர் அதே வசதிக்காக டோனி ஆக்கினார்.

முதல்நாளே என்னைச் சோதிக்க ஒரு தங்க நாணயத்தைத் தந்தார். நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து உரைகல்லை எடுத்து, காசின் விளிம்பை அதில் வைத்துவிட்டேன். இழுக்கவில்லை, இழுக்கப்போகிறேன். அந்த நேரத்தில் என் மணிக்கட்டை வந்து பிடித்தார் பாருங்கள், அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

"டோனி, அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோ. தங்கம் எவ்வளவு என்று எந்த முட்டாளும் சொல்லுவான். இங்கே வருகிறவர்கள் வாங்குவது காசின் மேல்தோலை" என்றார்.

எனக்கு அது விளங்கக் கனகாலம் எடுத்தது. எங்கள் ஊரில் பவுண் என்றால் நிறை. ராணி இருந்தாலென்ன, ராசா இருந்தாலென்ன, உருக்கினால் எல்லாரும் ஒன்றுதான். இங்கே ராணியின் கன்னத்தில் மயிரிழை அளவு கீறல் இருந்தால் விலை பாதியாகிறது. எங்கள் சனம் இதை அறியாமல், காசைக் கொண்டுவருவதற்கு முதல்நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மினுக்கிக்கொண்டு வரும். நல்ல பொருளை நல்லபடியாகக் காட்டவேண்டும் என்ற மரியாதைதான். மிஸ்டர் டொனல்ட் அதைச் செத்த வீட்டுக்கு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டார்.

அவர் காசு பார்க்கும் முறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் காணலாம். முதலில் போய்க் கை கழுவித் துடைப்பார். பச்சைக் கம்பளித்துணியை மேசையில் விரிப்பார். அதன்மேல் ஒரு ஆளின் காசு மட்டும்தான் இருக்கலாம். அது போன பிறகுதான் அடுத்தவருடையது. காசின் முகத்தையோ முதுகையோ தொடுவதில்லை, விளிம்பை இரண்டு விரலால் பிடிப்பார். கண்ணாடி வைக்காமல் வெறும் கண்ணால் கனநேரம் பார்ப்பார். "முதலில் அது உன்னோடு பேசட்டும்" என்பார். பிறகு பூதக்கண்ணாடி, பிறகு அளவுக் கருவி, கடைசியில்தான் தராசு. எல்லாம் முடிந்ததும் கொண்டுவந்தவரிடம் அது இன்ன காசு, இன்ன இடத்தில் அடித்தது என்று சொல்லுவார். அதற்குப் பிறகுதான் விலை. பெயரைச் சொல்லாமல் விலையைச் சொல்லுகிறவன் கள்ளன் என்பது அவருடைய சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு வாடிக்கைக்காரரின் பெயரை இன்னொரு வாடிக்கைக்காரரிடம் சொல்லக்கூடாது.

ஒக்லண்டில் ஜெர்மன் பேரரசின் தங்கக் காசுகள் ஏன் இத்தனை வருகின்றன என்று எனக்கு ஆரம்பத்தில் அதிசயமாக இருந்தது. காரணம் எளிது. சமோவா முதலாம் உலகப்போர் வரை ஜெர்மன்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரின் தலை போட்ட இருபது மார்க் காசைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள். பார்வைக்கு எங்கள் பவுண் காசுதான். அளவும் அதுதான், நிறை ஒரு பொட்டுக் குறைவு, சிவப்பு ஒரு பொட்டுக் கூட. ஒரு பக்கத்தில் கழுகு. எந்தக் காசை எடுத்தாலும் கழுகு உண்டு. மற்றப் பக்கத்தில்தான் கதை இருக்கிறது. பெயருக்குத்தான் அது ஒரு பேரரசு. உள்ளே ராசாக்கள், கோமகன்கள், குட்டிக் குட்டிச் சிற்றரசர்கள், அரசனே இல்லாத துறைமுக நகரங்கள் என்று ஒரு பட்டாளம். ஒவ்வொருவரும் தன் முகத்தைத்தான் போடவேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். பெரிய இடத்துக் காசுகள் மலிவு. சின்ன இடத்துக் காசுகள் கொஞ்சமே அடித்தவை, ஆகவே அவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் தவம் கிடப்பார்கள்.

அப்படித் தவம் கிடந்த ஒருவர்தான் கார்ல். எப்சம் பகுதியில் தனியாக இருந்தார். இறைச்சிக் கப்பல்களின் குளிரறைகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைதோறும் வருவார். தன் காசுகளை மரத்தட்டு ஒன்றில், நீல வெல்வெட்டில் காசளவுக்கு வட்டம் வெட்டிய குழிகளுக்குள் வைத்திருந்தார். பேரரசின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காசு, ஒன்றே ஒன்று. அதில் தூசு அளவு குறையும் இருக்கக்கூடாது. ஒருமுறை நாங்கள் வரவழைத்துக் கொடுத்த காசைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கழுகின் கால்நகத்துக்குப் பக்கத்தில் கீறல் என்று திருப்பித் தந்துவிட்டார். நான் பார்த்தேன், தெரியவில்லை. மிஸ்டர் டொனல்ட் பார்த்து, இருக்கிறது என்றார். பிடிவாதத்தில் கார்ல் ஒரு கல்லுப்பிள்ளையார்.

"உங்களுக்குக் கைசரை அவ்வளவு பிடிக்குமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கைசர் ஒரு மடையன்" என்றார் கார்ல். "இந்தத் தட்டில் உள்ள நாடு ஒன்றும் இப்போது இல்லை. இவற்றால் இனி யாருக்கும் தொல்லையில்லை. அதனால்தான் பிடிக்கும்."

அந்தத் தட்டில் ஒரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது. மெக்லன்பேர்க்-ஸ்ட்ரேலிட்ஸ் என்ற, ஏரியும் காடுமான ஒரு சின்னக் கோமகன் நாட்டின் காசு. வேறு எதுவும் கிடைத்தது, அது மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டிலும் குறை இருந்தது, வேண்டாம் என்றார். அவர் பிறந்த இடமே அந்த ஸ்ட்ரேலிட்ஸ்தான் என்று மிஸ்டர் டொனல்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி அந்தத் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்ட கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பாபடோயிட்டோய் பக்கத்தில் எங்கள் சனத்தின் வீடுகளை உடைத்து நகை திருடத் தொடங்கினார்கள். நகைக்குக் காப்புறுதி வேண்டுமானால் மதிப்பீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றது காப்புறுதிக் கம்பனி. சங்கிலி, காப்புக்கு நகைக்கடைகள் இருந்தன. காசு என்றால் நாங்கள். கடைக்குள் தமிழ் கதைக்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் சனம் என்னைத் தேடி வரத் தொடங்கியது.

அப்படி வந்தவள்தான் சிவமலர். முப்பது வயதுப் பிள்ளை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. தமையன் இந்த நாட்டுக்கு எடுப்பித்து, தமையனுடைய வீட்டில் இருந்தாள். புருஷன் தேவராசா வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விசா கிடைத்தது. புறப்படும் நேரத்தில் அவருடைய தாய் பாரிசவாதத்தில் விழுந்துவிட்டா. நீ போ, நான் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளை ஏற்றி அனுப்பியிருக்கிறார். தாய் கண்மூடுவதற்குள் சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிவிட்டது. அவருடைய விசாவின் காலமும் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

அவளுடைய தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பவுண் காசு இருந்தன. அவற்றுக்குத்தான் பத்திரம் வேண்டும்.

"கழட்டிக் குடும் பிள்ளை, பாத்திட்டுத் தருவார்" என்றேன்.

"கழட்ட ஏலாது அண்ணை. கழுத்தில இருக்கத்தக்கதாப் பாக்கச் சொல்லுங்கோ."

மிஸ்டர் டொனல்டிடம் சொன்னேன். நிறுக்காத காசுக்கு நான் கையெழுத்து வைப்பதில்லை என்றார். அவளையே தராசில் ஏற்றி, கொடி இல்லாத நிறையைக் கழித்துவிடலாம் என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொடி இல்லாத நிறை வேண்டுமென்றால் கொடியைக் கழற்றவேண்டுமே என்று யோசனையோடு சொன்னார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சிவமலர் போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டில் திரேசாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவ்வளவு நாள் அடகுப் பகுதியில இருந்தும் இது தெரியாதோ? கொடியைக் கழட்டேக்குள்ள சைவப் பொம்பிளையள் கழுத்தில மஞ்சள் கயிறு கட்டிப்போட்டெல்லே கழட்டுறவை. வெறுங்கழுத்தா இருக்கக் கூடாது. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

இந்தியன் கடையில் மஞ்சள் துண்டும் நூலும் வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை திரேசா அவளைக் கூட்டிவந்தாள். மிஸ்டர் டொனல்ட் கதவில் பூட்டியிருக்கிறது என்ற பலகையைத் தொங்கவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் உள்ளறைக்குள் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி, தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது சமயச் சடங்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அரைவாசி" என்றேன். அவர் உடனே கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

திரேசா கொடியைக் கொண்டுவந்து பச்சைத்துணியில் வைத்தாள். பின்னால் சிவமலர், புதுமஞ்சள் கயிற்றைச் சட்டைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டு, கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். கொடியைப் பூட்டும் சுரையைக் கழற்றி இரண்டு காசையும் வெளியே எடுத்தேன். முதலாவது விக்டோரியா மகாராணி. மிஸ்டர் டொனல்ட் பார்த்தார், அளந்தார், நிறுத்தார், சொன்னார். இரண்டாவது காசை விளிம்பில் பிடித்தவர் வெறுங்கண்ணாலேயே கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்து, விளிம்போரம் ஓடும் எழுத்துகளின் கடைசிச் சொல்லை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். ஸ்ட்ரேலிட்ஸ் என்று இருந்தது. கார்லின் வெறும் குழிக்குரிய காசு.

"அது எங்கட கழுகுக் காசு அண்ணை. என்ர அம்மாவின்ர தகப்பன் மலாயாவில றெயில்வேயில இருந்தவர். அங்கயிருந்து கொண்டுவந்தது. கலியாணத்துக்கு நகைப் பத்தர் இதையும் சேத்துத்தான் கொடி செய்தவர். ஏன், பொய்க் காசோ?" என்று கேட்டாள் சிவமலர். முகம் கறுத்துவிட்டது.

பொய்க் காசு இல்லை, உங்கள் ஊர்க்காரர் கண்ணில் படாத காசு என்று மிஸ்டர் டொனல்ட் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். நல்லதை மட்டும் சொல்லி விடுகிறவர் இல்லை அவர். காசின் உச்சியில், கோமகனின் தலைக்கு நேர் மேலே, எங்கள் பத்தர் நல்ல தடிப்பான ஒரு வளையத்தைப் பொடிவைத்து ஒட்டியிருந்தார். அதனால் சேகரிப்பாளர் கணக்கில் இது காயப்பட்ட காசு, காயம் இல்லாவிட்டால் பெரிய விலை, இருப்பதால் விலை பெரிதும் விழும் என்றும் சொன்னார். பத்திரத்தில் இரண்டையும் எழுதினார். பிறகு, இதை வாங்க விரும்பக்கூடிய ஒருவர் இருக்கிறார், விருப்பமா என்று ஒருமுறை கேள் என்றார். ஒருமுறை கேட்டால் கேள்வி, இரண்டாம் முறை கேட்டால் நெருக்கடி என்பது அவருடைய எண்ணம்.

கேட்டேன். சிவமலர் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவர் வரட்டும் அண்ணை. அவர் வராமல் நான் இதில கை வைக்கமாட்டன். கழட்டினாச் சனம் ஒரு விதமாக் கதைக்கும். அதைக்கூடப் பாக்க மாட்டன். எனக்கே ஒரு விதமாத் தோன்றும்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. ஆனால் அவள் பயந்தது ஊர்வாய்க்கு இல்லை என்று அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது.

வியாழக்கிழமை கார்லிடம் மிஸ்டர் டொனல்ட் ஆள் பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார். ஸ்ட்ரேலிட்ஸ் இந்த நகரத்திலேயே இருக்கிறது. வளையம் ஒட்டியிருக்கிறது. விற்பனைக்கு இல்லை. கணவர் வெளிநாட்டிலிருந்து வந்த பிறகு யோசிப்பார்களாம்.

"வளையமா? அப்படியென்றால் அது காசு இல்லை, நகை" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கோபத்தோடு போய்விட்டார்.

அடுத்த வியாழன் வந்து, தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்: "கணவர் எப்போது வருவார்?"

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் இதே கேள்விதான். எந்த நாடு என்று கேட்டார். என்னுடைய நாடு என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய உலகப்படப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, பத்திரிகையில் எங்கள் சண்டையைப் பற்றி ஒரு மூலையில் வரும் நாலு வரியையும் வாசிக்கத் தொடங்கினார். பாதை திறந்ததா, கடலால் வர வழியுண்டா, கொழும்பில் தங்க விடுகிறார்களா என்று என்னைத் துருவுவார். காசைப் பற்றிய கேள்வி மெல்ல மெல்லக் குறைந்தது. இந்த ஊரில் எங்கள் சண்டையைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் இவ்வளவு கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது என்று சொல்ல வெட்கப்படமாட்டேன்.

பிறகு ஒரு கெட்ட காலம் வந்தது. அங்கே யாழ்ப்பாணத்தில் பெரிய இடப்பெயர்வு. சனம் ஊரோடு எழும்பிப் போனது. தேவராசாவிடமிருந்து கடிதம் இல்லை, செய்தி இல்லை. சிவமலர் வேலைக்குப் போய் வந்தாள். கோயிலுக்குப் போனாள். அங்கே சில பெண்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் அவளுடைய கழுத்தைப் பார்ப்பதாகத் திரேசா வந்து சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு வியாழன் கார்ல் வழக்கம்போலக் கேட்டபோது, செய்தி இல்லை என்றேன்.

"கணவர் வராவிட்டால் அந்தக் காசு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அவர் விளங்காமல்தான் கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "இது ஒரு பெண் தாலியோடு போட்டிருக்கிற காசு. அது கழுத்தில் இருக்கும்வரை கணவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அவர் செத்தால் கழற்றுவார்கள். ஆகவே உங்களுக்கு அந்தக் காசு கிடைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அவர் வரவேண்டும். மற்றது அவர் சாகவேண்டும்."

உயரமான கதிரையில் இருந்த கார்ல் இறங்கி நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பெண்ணுக்குச் சொல்" என்றார். "ஒருவன் காத்திருக்கிறான் என்று அவள் நினைக்கக்கூடாது. எனக்குக் காசு வேண்டாம் என்று சொல். இன்றைக்கே சொல்."

மிஸ்டர் டொனல்ட் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வாடிக்கைக்காரருக்குக் கடையில் தேநீர் கொடுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கார்ல் அதைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் வியாழன் தவறாமல் வந்தார். எதுவும் கேட்கமாட்டார். என் முகத்தை மட்டும் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று.

கார்ல் கேட்டுக்கொண்ட அன்றைக்குப் பின்னேரமே சிவமலரிடம் சொன்னேன். வேண்டாமாம் என்று சொல்லச் சொன்னதையும் ஏன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அந்த மனுசனுக்குக் கோயில்ல ஒரு அர்ச்சனை செய்யலாமோ அண்ணை? பேர் மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

கடைச்சட்டத்தை நினைத்துப் பெயர் சொல்லாமல் விட்டேன். பெயர் தெரியாத மனிதனுக்கும் சேர்த்து என்று ஐயரிடம் சொல்லி அர்ச்சனை செய்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தேவராசா உயிரோடுதான் இருந்தார். வன்னிக்குள் அலைந்து, கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில் கிடந்து, மருத்துவச் சோதனை, பொலிஸ் பத்திரம் என்று ஒவ்வொன்றாக முடித்து, ஒருநாள் மத்தியானம் ஒக்லண்டில் வந்து இறங்கினார். நானும் திரேசாவும் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். எலும்பும் தோலுமாக இருந்தார். மச்சானின் குளிர்ச்சட்டை அவருக்கு முழங்காலைத் தொட்டது. சிவமலர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடவேயில்லை. தள்ளுவண்டியின் கைபிடியை இரண்டு பேருமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துத் திரேசா அழுதாள். நானும்தான்.

கொஞ்சநாள் கழித்துச் சிவமலர் கடைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணை, அந்தக் காசை அவரிட்டக் குடுப்பம். அந்த மனுசன் இன்னும் இருக்கிறாரோ?"

"ஏன் பிள்ளை? நல்லா யோசிச்சனீரோ? புருஷன் என்ன சொல்லுறார்?"

"அவர் உன்ர விருப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான் யோசிச்சனான். அவர் இல்லாத நேரம் இந்தக் கொடியில ஒரு குண்டுமணி மாறினாலும் எனக்குத் தாங்காது. இப்ப அவரே வந்திட்டார். இனி எந்தக் காசு தொங்கினா என்ன அண்ணை."

இரண்டு பக்கமும் சம்மதம் என்றதும் மிஸ்டர் டொனல்ட் முதல்தடவையாகப் பெயர் சொல்லாத தன் சட்டத்தைத் தளர்த்தினார். ஒரு சனிக்கிழமை, கடையைப் பூட்டிய பிறகு, எல்லாரையும் வரச் சொன்னார். சிவமலர் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, தேவராசாவோடு வந்தாள், கொடி கைப்பைக்குள் இருந்தது. கழுகுக் காசு போகும் இடத்துக்கு ஒரு பவுண் காசு தெரிவு செய்யச் சொல்லித் தட்டை நீட்டினார் மிஸ்டர் டொனல்ட். அவள் பார்த்து, உள்ளதில் ஆகத் திறமானதை, கீறல் ஒன்றும் இல்லாமல் மின்னியதை எடுத்தாள். அடுத்த நாளே எங்கள் பத்தர் ஒருவர் தன் கராஜில் வைத்து அதன் தலையிலும் வளையம் ஒட்டப்போகிறார் என்று மிஸ்டர் டொனல்டுக்குத் தெரியும். தொண்டையைச் செருமினார். தேய்ந்த ஒன்றை மெல்ல முன்னால் தள்ளிப் பார்த்தார். அவள் பிடித்ததை விடவில்லை. கடைசியில் அதையே பொதி செய்து கொடுத்தார்.

கார்ல் தன் மரத்தட்டோடு வந்து சேர்ந்தார். மிஸ்டர் டொனல்ட் எல்லாரையும் அறிமுகப்படுத்தினார். கார்ல் சிவமலருக்குத் தலைகுனிந்தார். பிறகு தேவராசாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"நீர் பிந்திவிட்டீர்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் தமிழில் சொன்னேன். தேவராசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் கிழவருக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை.

"ஸொறி சொல்லுங்கோ அண்ணை. விசா சுணங்கிப்போச்சு எண்டு சொல்லுங்கோ" என்றார்.

விலை பேசி முடிந்தது. மிஸ்டர் டொனல்ட் காசைப் பச்சைத்துணியில் வைத்து, தனக்குத் தெரிந்த ஒரு திறமான நகைத்தொழிலாளி இருக்கிறார், வளையத்தை எடுத்துவிட்டால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது என்றார். கார்ல் வேண்டாம் என்று தலையாட்டினார். காசை விளிம்பில் பிடித்துத் தூக்கி, நீல வெல்வெட்டில் வெறுமையாக இருந்த குழிக்குள் வைத்தார். அது உள்ளே இறங்கவில்லை. வளையம் தடுத்தது. திருப்பி வைத்துப் பார்த்தார். சாய்த்து வைத்துப் பார்த்தார். பிறகு காசு உறைகளுக்கு மட்டை வெட்டும் சின்னக் கத்தியை மிஸ்டர் டொனல்டிடம் கேட்டு வாங்கினார்.

"ஏன் அண்ணை அந்த வடிவான பெட்டியை வெட்டப்போறார்?" என்று சிவமலர் என் காதுக்குள் கேட்டாள்.

"வளையத்துக்கு இடம் காணாதாம்" என்றேன்.

கார்ல் கத்தியை வெல்வெட்டில் வைத்து அழுத்தினார். தட்டு மேசையில் வழுக்கியது. ஒருமுறை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். நானும் மிஸ்டர் டொனல்டும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். தேவராசா மட்டும், நீளமான சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, மேசைக்கு மற்றப் பக்கம் போனார். தட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, வெட்டும்படி தலையை ஆட்டினார்.